கீறிப் பார்த்த கல்

"அது நம்ம கல்லே இல்லண்ணா! அதை விக்க நீ யாரு?"

தங்கை போட்ட சத்தத்தில், கடைக் கதவைத் தள்ளிய ஒரு வாடிக்கையாளர் அப்படியே திரும்பிப் போய்விட்டார். அண்ணனுக்கு அது வேறு ஆத்திரம்.

"கத்தாத! அப்பா பெட்டியில இருந்துச்சு, அப்போ அப்பாவோடது. அப்பா போயாச்சு, இப்போ என்னோடது."

மேசைமேல் வெல்வெட் துணியில் கிடந்தது கல். சுண்டுவிரல் நக அளவு. வெளிறிய நீலத்தில் கொஞ்சம் பச்சை. பாஸ்போஃபிலைட் என்று பெயர். அண்ணன் வாயில் அது நுழையவே இல்லை, 'பாஸ்பரஸ் கல்' என்றே சொல்லிக்கொண்டிருந்தான். வைரம், நீலம், கெம்பு என்று நகைக்குப் போகிற கற்களைத் தவிர அவனுக்கு என்ன தெரியும்? இதையெல்லாம் அபூர்வக் கல் சேகரிப்பவர்கள்தான் தேடி வாங்குவார்கள். அப்படி ஒருவர் நாலு மணிக்கு வருவதாக இருந்தது.

"சித்தப்பா சுரங்கத்துல தன் கையால வெட்டி எடுத்தது. அவர் செத்த பிறகு சித்தி அப்பாகிட்ட பட்டை தீட்டக் குடுத்தாங்க. புருஷன் ஞாபகமா அவங்ககிட்ட இருக்கிறது இது ஒண்ணுதான். திருப்பிக் குடுத்துடுடான்னு அப்பா உன் கையப் பிடிச்சுச் சொன்னாரா இல்லையா?"

"சித்தப்பாவாம், சித்தியாம்! அப்பாவோட கூட்டாளி, அவ்வளவுதான். சீட்டு இருக்கா? கையெழுத்து இருக்கா?"

சாகக் கிடந்த அப்பன் சொன்ன வார்த்தைக்குச் சீட்டுக் கேட்கிறான்! இவனையெல்லாம் பிள்ளை என்று எந்த வாயால் சொல்வது? தங்கை சட்டென்று கல்லை எடுத்துக் கைக்குள் மூடிக்கொண்டாள். அண்ணன் பாய்ந்து மணிக்கட்டை முறுக்கிப் பிடுங்கினான்.

தராசு பக்கத்தில் உட்கார்ந்திருந்த அண்ணி கல்லை எட்டிப் பார்த்தாள்.

"ஏங்க, அவ கைக்குள்ள போயிட்டு வந்திருக்கு. மாத்தியிருந்தா?"

"நானா? நான் மாத்திட்டேனா?" தங்கைக்கு முகமெல்லாம் சிவந்துவிட்டது. தோளில் குத்தியிருந்த ஊக்கைப் பிடுங்கி மேசையில் எறிந்தாள். "இந்தா! பெரிய கல் வியாபாரிதானே? கீறிப் பாரு!"

அண்ணன் கல்லைத் திருப்பி, அடிப்பக்கத்தில் ஊக்கு முனையை வைத்து இழுத்தான். வெள்ளையாக ஒரு கோடு விழுந்தது.

மூன்று பேரும் அந்தக் கோட்டையே பார்த்தார்கள்.

"கண்ணாடி!" என்று அலறினான் அண்ணன். "நல்ல கல்லுன்னா ஊக்கு வழுக்கிட்டுல்ல போகும்! எங்கடி வச்சிருக்க நிஜக் கல்ல?"

தங்கையின் பையைப் பிடுங்கி மேசையில் கவிழ்த்தான். ஒரு சாவிக்கொத்து, பஸ் டிக்கெட், பாதி தின்ற பிஸ்கட் பாக்கெட். அண்ணி கொஞ்சமும் வெட்கமில்லாமல் நாத்தனாரின் இடுப்பைக்கூடத் தடவிப் பார்த்தாள். ஒன்றும் அகப்படவில்லை.

"அப்போ அந்தப் பொம்பளையே கண்ணாடியத்தான் குடுத்திருக்கா! அப்பாவும் அதை ஒரு வருஷமா உக்காந்து தீட்டியிருக்காரு!" கல்லைத் தரையில் அடிக்கக் கையை ஓங்கினான்.

"வீசாத!" தங்கை போட்ட அலறலில் அவன் கை நின்றுவிட்டது. "கண்ணாடியோ கழுதையோ, அப்பா கை பட்டது. எனக்குக் குடு."

"எடுத்துத் தொலை!"

அந்தக் கையோடு கல் வாங்க வருகிறவருக்குப் போன் போட்டான். "மன்னிச்சுக்குங்க சார், அது கண்ணாடி. ஊக்குல கீறிப் பார்த்துட்டேன்." அந்தப் பக்கம் அவர் ஏதோ பதறிச் சொல்லச் சொல்ல, மானம் போன கோபத்தில் போனை வைத்துவிட்டான்.

"இப்போ குடுத்துட்டு நாளைக்குத் திருடின்னு சொல்லுவ. எழுதிக் குடு."

"கண்ணாடிக்கு ஒரு சீட்டா?" பல்லைக் கடித்துக்கொண்டே ரசீதின் பின்னால் எழுதிக் கையெழுத்துப் போட்டான். "இனிமே இந்தப் படி ஏறாத!"

"நீ கூப்பிட்டாலும் ஏற மாட்டேன்" என்று கதவை அறைந்து சாத்திவிட்டுப் போனாள் தங்கை.

அதே நாலு மணிக்கு, சித்தியின் வீட்டு ஜன்னலோரம், கல் சித்தியின் உள்ளங்கையில் இருந்தது. இப்படியும் அப்படியும் திருப்பிப் பார்த்தவளின் முகம் மாறியது.

"ஐயோ, அடியில கீறல் விழுந்திருக்கேம்மா! படுபாவி எவன் செஞ்சான்?"

"அண்ணன்தான் சித்தி. பயப்படாதீங்க, மேல இருந்து பார்த்தா தெரியாது. கண்ணாடியா இருந்தாத்தான் ஊக்கு வழுக்கும். இந்தக் கல் அதைவிட மெத்து, ஊக்கு பட்டாலே கோடு விழும், கீழ விழுந்தா தூள்தான். நகையில வைக்காததே அதனாலதான். அப்பா எங்க ரெண்டு பேர்கிட்டயும் சொல்லியிருக்காரு, அவன் காது குடுத்துக் கேட்டாத்தானே!"

"அது சரி, அவனுக்கு ஊக்கு எங்கேருந்து கிடைச்சுது?"

"வாழ்நாள்ல ஊக்கே குத்தினதில்ல சித்தி நான். இன்னிக்குத்தான் ஒண்ணு குத்திக்கிட்டுப் போனேன்."