கானா போகிறவர்கள் கவனத்துக்கு

“எத்தனை நாள் தங்கப் போறீங்கன்னு முதல்லயே சொல்லிடணும் சார். திரும்பிப் போற டிக்கெட்டும் கையில இருக்கணும்.”

மூடிய அறைக்குள்ளிருந்து வந்த இந்தக் குரலைக் கேட்டதும், ஹாலில் உட்கார்ந்திருந்த சம்பந்தத்துக்கு வாயில் போட்ட வடை உள்ளே இறங்கவில்லை. குரல் சரவணக்குமாருடையது. சம்பந்தத்தின் அக்கா மகள் ரேகாவின் கணவன்.

சம்பந்தத்தின் வீடு கள்ளிக்குப்பத்தில் இருக்கிறது. சுவருக்குப் பெயின்ட் அடிக்கிறார்கள், வாடை ஒத்துக்கொள்ளவில்லை, காய்ந்ததும் போய்விடுகிறேன் என்று பருத்திப்பட்டில் இருக்கும் இந்த ஃபிளாட்டுக்கு வந்தவர். பெயின்ட் காய்ந்து, அதன்மேல் பல்லி ஓடி, புதுக் காலண்டரும் மாட்டியாகிவிட்டது. அவர் மட்டும் கிளம்பவில்லை.

காரணம் பெயின்ட் இல்லை, அவர் மனைவி கண்ணம்மா. சர்க்கரை இருக்கிறது என்று டாக்டர் சொன்ன நாளிலிருந்து, கேழ்வரகுக் கூழையும் வேகவைத்த சுரைக்காயையும் தவிர வேறெதையும் அவள் புருஷன் கண்ணில் காட்டுவதில்லை. ரேகாவிடம் அந்தச் சர்க்கரை விஷயத்தை அவர் மூச்சுவிடவில்லை. அவள் கேட்காமலேயே வடை சுடுவாள், காபியை இனிக்க இனிக்கக் கொடுப்பாள். இந்தச் சுகத்தை விட்டுவிட்டுப் போக அவருக்கென்ன பைத்தியமா?

அறைக்குள் குரல் தொடர்ந்தது. யார் வீட்டில் தங்கப் போகிறீர்கள், அவர்கள் வரச்சொல்லிக் கடிதம் கொடுத்தார்களா, செலவுக்குக் கையில் பணம் இருக்கிறதா என்று அடுக்கிக்கொண்டே போனான். ஊசி போட்டுக்கொண்டதற்கு மஞ்சள் அட்டை இல்லாவிட்டால் வந்த வழியே திருப்பி அனுப்பிவிடுவார்களாம்.

சம்பந்தத்துக்கு ரோஷம் பொத்துக்கொண்டு வந்தது. கொடியில் கிடந்த வேட்டி, சட்டையை உருவிப் பைக்குள் திணித்துக்கொண்டு சமையலறை வாசலில் போய் நின்றார்.

“நான் கெளம்பறேன் ரேகா. கள்ளிக்குப்பத்துலேர்ந்து வந்தவன்கிட்ட ரிட்டர்ன் டிக்கெட் கேட்டா நான் இன்னா பண்ணுவேன்? ஷேர் ஆட்டோக்காரன் டிக்கெட்டா குடுக்கறான்?”

ரேகா ஒரு கணம் முழித்தாள். பிறகு கரண்டியைப் போட்டுவிட்டுச் சிரிக்க ஆரம்பித்தாள்.

“ஐயோ மாமா, அது அவரோட வேல. பாரிஸ்லயும் ஜெர்மனிலயும் இருக்கிற நம்ம ஆளுங்க கானாவுக்குப் போறாங்க இல்ல, அவங்களுக்கு விசா ரூல்ஸ் சொல்லிட்டிருக்காரு.”

மீதியையும் அவளே விளக்கினாள். ஐரோப்பா பாஸ்போர்ட்டே வைத்திருந்தாலும் மேற்கு ஆப்பிரிக்காவில் இருக்கும் அந்த நாட்டுக்கு விசா வேண்டும், மஞ்சள் காய்ச்சல் ஊசி போட்ட அட்டை வேண்டும். சந்தேகம் இருக்கிறவர்கள் டிராவல்ஸ் கம்பெனிக்குக் கூப்பிடுவார்கள். அந்தப் போன் கால் எல்லாம் நெட் வழியாக இந்த அறைக்கு வந்துவிடும்.

சம்பந்தத்துக்குப் போன உயிர் திரும்பி வந்தது. யோசித்துப் பார்த்தால் சரவணக்குமார் முகத்துக்கு நேரே யாரையும் ஒரு சொல் சொல்லத் தெரியாத பிள்ளை. நெட் ஒரு நொடி நின்றால் போதும், கஸ்டமர் லைனில் இருக்கிறார் என்று அலறியடித்துக்கொண்டு அறையை விட்டு ஓடிவருவானே தவிர, மாமாவைப் பார்த்து ஒருநாளும் முகம் சுளித்ததில்லை. வேட்டி மறுபடியும் கொடிக்குப் போனது.

அன்று சாயங்காலம் கண்ணம்மா போன் செய்து, கூழ் காய்ச்சி வைக்கட்டுமா என்று கேட்டாள். ரேகா கையைப் பிடித்துக்கொண்டு விடமாட்டேன் என்கிறாள், இன்னும் கொஞ்சநாள் ஆகும் என்று சம்பந்தம் சத்தமாகவே பதில் சொன்னார். தண்ணீர் குடிக்க வந்த சரவணக்குமார் டம்ளரை வைத்துவிட்டு அப்படியே திரும்பிப் போனான். பேசிப் பேசி அவர் போனில் சார்ஜ் தீர்ந்துவிட்டது.

மறுநாள் காலை காபியைக் கையில் வாங்கிக்கொண்டதும், டிவிக்குக் கீழே இருந்த பிளக்குகளில் ஒன்றை உருவிவிட்டுத் தன் சார்ஜரைச் சொருகினார். சொந்த வீடு மாதிரி காலை நீட்டி உட்கார்ந்தார். ஒன்பது மணிக்குச் சரவணக்குமார் அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினான். கொஞ்ச நேரத்தில் பேச்சு ஆரம்பித்தது.

இன்றைக்குக் குரல் பலமாகவே இருந்தது. சொந்தக்காரர் வீடாகவே இருந்தாலும் கொடுத்த நாளுக்குமேல் தங்கக் கூடாது என்றான். ஹாலில் ஓரமாகப் படுத்துக்கொள்கிறேன் என்பதெல்லாம் அங்கே எடுபடாது என்றான்.

“வந்த வேல முடிஞ்சா கெளம்பிடணும் சார். அதுதான் ரெண்டு பேருக்கும் மரியாதை.”

சம்பந்தம் தலையை ஆட்டி ஆட்டிக் கேட்டார். கானாக்காரன் இவ்வளவு கறாரா என்று ரேகாவிடம் வியந்தார். பாவம், பாரிஸ்காரன் என்ன பாடுபடுகிறானோ என்று உச்சுக் கொட்டினார். அவள் வடைத் தட்டை வைத்துவிட்டு அவசரமாகச் சமையலறைக்குள் போய்விட்டாள்.

கடைசி வடையையும் மென்று முடித்த பிறகு, கையைத் துடைத்துக்கொண்டு எழுந்துபோய் அறைக் கதவை மெல்லத் தட்டினார். தலையை மட்டும் உள்ளே நீட்டினார். காதில் ஹெட்போனோடு இருந்த சரவணக்குமார், கஸ்டமர் லைனில் இருக்கிறார் என்று கையைக் காட்டி, உதட்டின்மேல் விரலை வைத்தான்.

சம்பந்தமும் குரலைத் தாழ்த்திக்கொண்டார்.

“நெட்டு பொட்டி பிளக்க காலீலயே புடுங்கிட்டேன் மாப்ள. திருப்பி சொருவட்டா?”