சத்தமில்லாத வண்டி

"என் பொண்டாட்டிக்குத் தெரியக் கூடாது தம்பி. இன்னைக்கே முடிச்சுக் குடுத்துடுங்க" என்று குரலைத் தாழ்த்திச் சொன்னார் ராய்ஸ்.

ஹாலிஸ் நிமிர்ந்து பார்த்தான். அமெரிக்காவில் வயோமிங் மாநிலத்தின் அந்த மூலையில் அவன் பட்டறைக்கு டீசல் பிக்கப் வண்டி ஓட்டி வருகிறவர்கள் எல்லாம் சத்தத்தைக் கூட்டச் சொல்லித்தான் வருவார்கள். வண்டி புகை கக்க வேண்டும், நாலு தெரு தள்ளி நிற்பவன் திரும்பிப் பார்க்க வேண்டும். அறுபதை நெருங்கும் இந்த மனிதரோ சத்தத்தை அடக்கச் சொல்லி வந்திருக்கிறார். அதுவும் வீட்டுக்குத் தெரியாமல்.

ராய்ஸின் பழைய வண்டி போன மாதம் இன்ஜின் போய்ப் படுத்துவிட்டதாம். வீட்டில் சும்மா நின்ற இந்த பிக்கப்பில்தான் இப்போது நிலக்கரிச் சுரங்கத்துக்கு வேலைக்குப் போய் வருகிறார். சனி, ஞாயிறில் மாட்டு டிரெய்லரை இழுப்பதும் இதுதான். இன்று ஒரு நாள் லீவு போட்டிருக்கிறார். அதற்குள் ஏதாவது ஒரு வேலைதான் செய்ய முடியும் என்று ஹாலிஸ் முதலிலேயே சொல்லிவிட்டான்.

வண்டிக்கு அடியில் படுத்துப் பார்த்தான். சைலன்சர் என்ற ஒன்றே இல்லை. முன்னாலிருந்து பின்னால் வரை கை நுழையும் பருமனில் ஒரே குழாய். வெல்டிங் அங்கங்கே கோணல்தான், ஆனால் ஆசைப்பட்டுச் செய்த வேலை என்று தெரிந்தது. யார் வைத்தது என்று கேட்டான். வீட்டுக் கொட்டகையில் வைத்தது என்று மட்டும் சொன்னார் ராய்ஸ்.

ஓட்டிப் பார்க்கலாம் என்று ஏறினால் கால் பெடலுக்கு எட்டவில்லை. சீட் கடைசி வரை பின்னால் தள்ளியிருந்தது. ராய்ஸோ இவனையும்விடக் குள்ளம். முதுகுக்கு ஒரு தடித்த கோட்டை மடித்து முட்டுக் கொடுத்துத்தான் ஓட்டுகிறார் போல.

ஹாலிஸ் சீட்டை முன்னால் இழுக்கக் குனிந்தான். ராய்ஸ் சட்டென்று அவன் கையைப் பிடித்தார்.

"சீட் அப்படியே இருக்கட்டும். அதை யாரும் தொடறதில்ல."

விசித்திரமான ஆள் என்று நினைத்துக்கொண்டு, அந்தக் கோட்டை முதுகுக்கு வைத்து ஓட்டினான். மேட்டில் ஏறும்போது வண்டி ஊரையே எழுப்பியது. இறக்கத்தில்தான் இன்னொன்று தெரிந்தது. பிரேக் தேய்ந்து பிடிமானம் குறைந்திருந்தது.

"அண்ணே, பின்னால மாட்டைக் கட்டிக்கிட்டு மலை எறங்குறீங்க. ஒரு வேலைதான்னா பிரேக்கைப் பார்த்துக்குங்க. சைலன்சர் அப்புறம் போட்டுக்கலாம். சத்தம் உசுரை எடுக்காது" என்றான்.

"எடுக்குது தம்பி" என்றார் ராய்ஸ். "சைலன்சரையே போடுங்க. இன்ஜின் டர்போ போடுற அந்த விசில் சத்தமும் வெளிய கேக்கக் கூடாது. பிரேக்கை அடுத்த லீவுக்குப் பார்க்கலாம், அதுவரைக்கும் மாடு ஏத்த மாட்டேன்."

அப்போது அவர் போன் அடித்தது. எடுத்தவர் பட்டறையின் இரைச்சல் கேட்காதபடி வெளியே போய் நின்றார். ஆனாலும் ஹாலிஸ் காதில் விழுந்தது. "நெடா, வேலையிலதாம்மா இருக்கேன். சாயங்காலம் வந்துடுவேன். நீ சாப்ட்டியா?"

அவ்வளவுதான், ஹாலிஸுக்குச் சுருக்கென்றது. வேலையில் இருக்கிறேன், வேலையில் இருக்கிறேன் என்று போனில் சொல்லிச் சொல்லித்தான் அவன் மனைவி இன்னொருவனோடு போனாள். கடைசியில் தெருவுக்கே தெரிந்த விஷயம் அவனுக்கு மட்டும் தெரியாமல் இருந்தது. சத்தமில்லாமல் கிளம்பவும் சத்தமில்லாமல் திரும்பவும் ஒரு மனுஷனுக்கு வண்டி எதற்கு என்பதை அவனுக்கு யாரும் விளக்க வேண்டியதில்லை. முகம் தெரியாத அந்த மனைவி நெடாவை நினைத்துப் பரிதாபப்பட்டான்.

எடுத்த வேலையை விடவும் மனமில்லை. பழைய குழாயை அறுத்து இறக்கி, பெரிய சைலன்சராகப் பார்த்து மாட்டினான். சாவியைத் திருப்பியதும் வண்டி பூனை போலப் பதுங்கி நின்றது.

ராய்ஸ் கொஞ்ச நேரம் கண்ணை மூடிக்கொண்டு அதைக் கேட்டார். பிறகு, கழற்றிப்போட்ட குழாய்த் துண்டுகளைப் பொறுக்கித் துடைத்து, ஒரு போர்வையில் சுற்றி வண்டியின் பின்பக்கம் வைத்தார்.

"பழைய இரும்புதானே, நானே போட்டுடறேன்" என்றான் ஹாலிஸ்.

"வேணாம், இருக்கட்டும். நெடா கண்ணுல மட்டும் படாம வெச்சுக்கறேன்."

அதற்கு மேல் ஹாலிஸால் அடக்க முடியவில்லை. சாவியைக் கொடுக்காமல் கையிலேயே வைத்துக்கொண்டான்.

"கோவிச்சுக்காதீங்க அண்ணே. உங்க வீட்டுக்காரங்க பாவம். இந்த வயசுல அவங்களுக்குத் தெரியாம, இப்படிச் சத்தம் காட்டாம யார் வீட்டுக்குப் போறீங்க?"

ராய்ஸுக்குக் கோபம் வரவில்லை. போர்வையின் முனையைச் சரியாக இழுத்து விட்டார்.

"என் வீட்டுக்குத்தான் தம்பி."

ராய்ஸ் சாவிக்காகக் கையை நீட்டினார்.

"பழைய சத்தம் கேட்டா, செத்துப்போன மகன் வந்துட்டான்னு அவ வாசலுக்கு ஓடியாந்துடறா."