பக்கத்து இருக்கை

குழாயை வாயில் வைத்து ஊதினாள்.

கருவி சுழியம் காட்டியது. மருத்துவ உதவியாளர் தலையாட்டிவிட்டு அடுத்தவரைக் கூப்பிட்டார்.

குடித்திருக்கிறாளா என்று மட்டும்தான் அந்தக் கருவிக்குத் தெரியும். தூங்கினாளா என்று தெரியாது. நல்லவேளை.

விமானத்தை நோக்கி நடந்தாள். பெங்களூர்க் காலை. மேகம் தாழ இறங்கி நின்றது. இரண்டு விசிறி வைத்த சின்ன விமானம், ஹூப்ளிக்குப் போய்த் திரும்ப வேண்டும். அவள் துணை விமானி.

கண்ணில் மண் விழுந்தது போல எரிந்தது.

நேற்று மதியம் முழுக்கத் தூத்துக்குடி விமான நிலையத்தில் உட்கார்ந்திருந்தாள். ஊழியருக்கு இலவசமாக இடம் தருவார்கள், காலியாக இருந்தால். ஆவணி முகூர்த்தம். பட்டுப்புடவைகள் எல்லா இருக்கைகளையும் நிரப்பிக்கொண்டு போயின. சீருடையில் இருந்தவளிடம் ஒரு பெரியவர் வந்து, விமானம் எப்போது கிளம்பும் என்று விசாரித்தார். ஓட்டத் தெரிந்தவளுக்கு ஏற இடமில்லை என்று அவரிடம் எப்படிச் சொல்வது?

பிறகு பஸ்தான். முன் சீட்டுக்காரர் விடிய விடியக் குறட்டை விட்டார். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அவர் டிக்கெட் வாங்கியதே தூங்கத்தான்.

இவளுக்குப் பொட்டுத் தூக்கம் இல்லை.

சொல்லிவிடலாம். இன்று என்னால் பறக்க முடியாது என்று ஒரு வார்த்தை. மாற்று விமானி வந்துவிடுவார். ஏன் தூங்கவில்லை என்று கேட்பார்கள்.

அங்கேதான் சிக்கல்.

வேலைக்கு எடுத்தபோது மூன்று பேர் எதிரில் உட்கார்ந்து கேட்டார்கள். பறந்த மணிகள் போதுமா? போதும். உடல் தகுதிச் சான்று? இருக்கிறது. பெங்களூரிலேயே குடியிருப்பீர்களா, கூப்பிட்டால் ஒரு மணி நேரத்தில் வந்து நிற்கும் தூரத்தில்?

இருப்பேன் என்றாள். அங்கிருக்கும் சித்தி மகளின் வீட்டு முகவரியைக் கொடுத்தாள்.

கணவனுக்குக் கோவில்பட்டியில் அரசுப் பள்ளியில் வேலை. மகன் இப்போதுதான் நடக்கப் பழகுகிறான். உரிமம் வாங்கி நாலு வருடமாக எந்த நிறுவனமும் திரும்பிப் பார்க்காதவள் வேறென்ன சொல்வாள்?

இன்னும் அவளை நிரந்தரமாக்கவில்லை. பொய் வெளியே வந்தால் வீட்டுக்குப் போக வேண்டியதுதான். மறுபடி எத்தனை வருடமோ.

பயமாகத்தான் இருந்தது. ஆனால் கேப்டன் இருக்கிறார். பக்கத்தில் அவர் இருக்கிறார், அது போதும். பஸ்ஸில் இதையே சொல்லிச் சொல்லித் தன்னைத் தேற்றிக்கொண்டு வந்தாள்.

கேப்டன் துரைசாமி கோயம்புத்தூர்க்காரர். முப்பது வருட அனுபவம். அவர் இறக்கினால் சக்கரம் தரையைத் தொட்டதே தெரியாது என்பார்கள். விமானி அறையில் இரண்டு இருக்கை போட்டிருப்பதே, ஒருவர் அசந்தால் மற்றவர் பிடித்துக்கொள்ளத்தானே.

இன்று அசந்தால் இவள்தான் அசருவாள். அவர் பிடித்துக்கொள்வார்.

அவர் முன்பே வந்து இடது இருக்கையில் இருந்தார். வெயிலே இல்லை. கறுப்புக் கண்ணாடி போட்டிருந்தார்.

வலது இருக்கையில் ஏறி வாரைப் பூட்டினாள். கிளம்புவதற்கு முந்தைய சோதனைகளை ஆரம்பித்தார்கள். அவள் ஒவ்வொன்றாக வாசித்தாள், அவர் சரிபார்த்துப் பதில் சொன்னார். ஓரிடத்தில் பதில் வரவில்லை. மறுபடி வாசித்தாள். வந்தது.

அவர் கண்ணாடியைக் கழற்றினார். இரண்டு கண்களும் சிவந்து கிடந்தன.

"அம்மணி, இன்னிக்கு நீங்கதான் கொஞ்சம் பாத்துக்கோணும். நேத்து எனக்கு ஃப்ளைட்ல சீட்டு கெடைக்கலீங்க. ராத்திரியெல்லாம் காரை ஓட்டிட்டு வந்தேன். பக்கத்துல நீங்க இருக்கீங்கங்கற தெம்புலதான் வந்துட்டேன்."

சிரித்தார்.

பஸ்ஸில் அவள் சொல்லிக்கொண்டே வந்ததைத்தான் அவர் காரில் சொல்லிக்கொண்டு வந்திருக்கிறார்.

வெளியே பார்த்தாள். பயணிகளின் பேருந்து வந்து நின்றிருந்தது. இறங்கியவர்கள் படிக்கட்டுப் பக்கம் வரிசையாக நின்றார்கள். ஒருத்தி குழந்தையைத் தூக்கி விசிறியைக் காட்டிக்கொண்டிருந்தாள்.

பணிப்பெண் எஸ்தர் கதவருகே எட்டிப் பார்த்தாள். "எல்லாரையும் ஏத்தலாமா சார்?"

கேப்டன் வாயைத் திறந்தார்.

"நானும் தூங்கலை சார்," என்றாள் இவள். "கோவில்பட்டியில இருந்து பஸ்ல வந்தேன்."

அந்த ஊரின் பெயரை இந்த வேலைக்கு வந்த பிறகு இப்போதுதான் வாய்விட்டுச் சொல்கிறாள்.

அவர் முகத்தில் சிரிப்பு கொஞ்ச நேரம் அப்படியே இருந்தது. பிறகு இல்லை. ஓய்வு பெற அவருக்கு இன்னும் கொஞ்ச நாள்தான் பாக்கி. எஸ்தர் இருவரையும் மாறி மாறிப் பார்த்தாள்.

இவள் எஸ்தர் பக்கம் திரும்பினாள்.

"கொஞ்சம் பொறுங்க எஸ்தர்."

போனை எடுத்தாள். விமானிகளுக்குப் பணி ஒதுக்கும் அலுவலகத்தைக் கூப்பிட்டாள். தன் பெயரைச் சொன்னாள். தூங்கவில்லை, பறக்க முடியாது என்றாள். ஏன் என்றார்கள். அதையும் சொன்னாள்.

மறுமுனையில் எதையோ தட்டும் சத்தம் கேட்டது.

"சரி, உங்களுக்குப் பதிலா ஒருத்தரை அனுப்புறோம். கேப்டன் ரெடிதானே?"

அவள் போனை அவர் பக்கம் நீட்டினாள்.