வழுக்கும் தூரம்

உறைந்த ஏரியின்மேல் வெளிறிய வெயில் கிடக்கிறது. டயர்களைச் சோதிக்கும் வேலையிலுள்ள பொரியே என்பவர், காரை ஓட்டிவந்து சிவப்புக் கொடியருகே பிரேக்கை மிதிக்கிறார். எல்லாப் பருவத்துக்குமான இந்த டயர்கள் கோடைத் தார்ச்சாலையில் சட்டென்று நின்றவை, மழையில் பிடி விடாதவை, காலையில் புதுப்பனியிலும் சமாளித்தவை. வெறும் பனிக்கட்டியில் மட்டும் கார் சத்தமில்லாமல் வழுக்கிக்கொண்டே போய், கொடியைத் தாண்டி வெகுதொலைவில் நிற்கிறது. தெற்கே மழை ஊரில் இருக்கும் மகளுக்கு அவர் வாங்கிக் கொடுத்ததும் இதே டயர்தான். ஃபோன் அடிக்கிறது. “கிளம்பிட்டேன்ப்பா. ரெண்டு வருஷம் கழிச்சுப் பாக்கப் போறோம். ஏலக்காய் பன்னு எடுத்துட்டு வர்றேன்.” “திரும்பிப் போயிடு தூவா. இங்க ரோடெல்லாம் ஐஸ்.” “நீங்க குடுத்த டயர்தானேப்பா?” “அதனாலதான் சொல்றேன்.” “சரி, பன்னை நானே தின்னுக்கறேன்.” காரைத் திருப்ப அவள் போட்ட இண்டிகேட்டர் டிக் டிக்கென்று அடிப்பது அவருக்குக் கேட்கிறது. அது நிற்கும்வரை ஃபோனைக் காதிலிருந்து எடுக்காமல் உட்கார்ந்திருக்கிறார்.