பாதி போதாது

"எத்தனை பேர் திட்டியிருக்காங்க, பாரு" என்றாள் லோகநாயகி, கொத்தமல்லியை ஆய்ந்தபடியே.

சுப்ரஜா போனைத் தள்ளித் தள்ளிப் பார்த்தாள். "மிக்ஸட்னு வந்திருக்கும்மா."

"அப்படின்னா?"

"பாதிப் பேருக்குப் பிடிச்சிருக்கு. பாதிப் பேர் திட்டறாங்க."

"பாதி போதாது."

அந்தப் பேய் கேம் வெள்ளிக்கிழமைதான் வெளிவந்தது. அதன் பெயரை லோகநாயகி வாயால் சொல்வதில்லை. 'அது' என்பாள்.

அதற்காக முகம் தெரியாத பையன்கள் வருஷக்கணக்கில் காத்திருந்தார்கள். தேதி தள்ளிப்போனபோதெல்லாம் கம்பெனியைக் கிழித்துத் தொங்கவிட்டார்கள். அந்தப் பையன்களுக்காக அவள் மகன் ஹர்ஷா இரவு பகல் பார்க்காமல் உட்கார்ந்து சத்தங்கள் செய்தான். துருப்பிடித்த கதவு, ஈரக் காலடி, யாரோ விடும் மூச்சு.

ஒரு விடியற்காலை வேலை முடிந்து திரும்பும்போது, மேடவாக்கம் பாலத்தில், வண்டி ஓட்டியபடியே தூங்கிவிட்டான்.

அதற்கு மேல் அவள் யாரிடமும் சொன்னதில்லை.

பால் தெளித்த மறுநாள் கதிரேசன் வந்தார். கம்பெனி முதலாளி. கையில் ஒரு பை, அதில் ஆப்பிளும் சாத்துக்குடியும். தணிந்த குரல். அந்தக் குரல் அவளுக்குப் புதிதல்ல. ஹர்ஷா போனில் "கிளம்பிட்டேம்மா" என்னும்போதெல்லாம் அவனுக்குப் பின்னால் கேட்கும்.

"இதை மட்டும் முடிச்சுட்டுப் போயிடு கண்ணா."

அன்று அதே குரல் அவளிடம், "ஆபீஸ் லேப்டாப் மட்டும் எடுத்துக்கறேம்மா" என்றது. எடுத்துக்கொண்டு படியிறங்கும்போது, சாவு வீட்டில் யாருமே சொல்லாததைச் சொன்னது.

"போயிட்டு வரேன்."

வா, என்றாள் லோகநாயகி மனதுக்குள்.

அன்றிலிருந்து விளக்கேற்றும்போது அவள் வேறெதுவும் கேட்பதில்லை. அது மண்ணைக் கவ்வ வேண்டும்.

"நாமளும் மோசம்னு போடலாம் இல்ல?"

"காசு குடுத்து வாங்கி, கொஞ்ச நேரமாவது விளையாடியிருக்கணும்மா. அப்பதான் எழுத விடுவான்."

"வாங்கு."

"அந்த ஆளுக்குத்தான் காசு போகும்."

"போகட்டும். பாடை கட்ட ஆகும்."

ஹர்ஷாவின் அறையில், அவனுடைய சொந்தக் கம்ப்யூட்டர் முன், அவன் நாற்காலியில் உட்கார்ந்தாள். அவனுடைய ஹெட்போன் கொண்டையில் இடித்தது. கொண்டையை அவிழ்த்து விட்டாள். மகள் பேசுவது கேட்கட்டும் என்று ஒரு காதை மட்டும் வெளியே விட்டுக்கொண்டாள்.

திரையில் பாழடைந்த ஆலை. எங்கோ தண்ணீர் சொட்டியது. அவன் செய்த சொட்டு. ஒரு நிமிஷம் அதையே கேட்டுக்கொண்டிருந்தாள். பிறகு எந்தப் பொத்தானைத் தட்டினாலும் போய்ச் சுவரில் முட்டிக்கொண்டாள்.

சுப்ரஜா பக்கத்தில் நின்று வாசித்தாள். "'பேய் ஓடவும் இல்லை, கத்தவும் இல்லை. பின்னால் வந்து நின்று மெதுவாகப் பேசுகிறது. இதற்கா இத்தனை நாள் காத்திருந்தோம்?'"

"நல்லா கேட்டான். அடுத்தது?"

"'தூக்கம் போச்சு. அது யார் குரல்னு மட்டும் யாராவது சொல்லுங்க.'"

"யாருதாம்?"

"கதிரேசனுக்கே தெரியலையாம். ஹர்ஷா எங்கிருந்தோ பிடிச்சுட்டு வந்தான்னு பேட்டியில சிரிக்கறார். அவர் பையனே கேமை எப்பத் தருவீங்கன்னு உயிரை எடுக்கறானாம். ப்ளஸ் டூ பரீட்சை முடியட்டும்னு சொல்லி வெச்சிருக்காராம்."

ஆலையில் விளக்கு அணைந்தது. ஈரக் காலடி அவளுக்குப் பின்னால் வந்து நின்றது. ஹெட்போனுக்குள், காதை ஒட்டி, ஒரு குரல்.

"இதை மட்டும் முடிச்சுட்டுப் போயிடு கண்ணா."

மவுஸின் மேல் லோகநாயகியின் கை அப்படியே நின்றது.

ஹர்ஷா அதைக் கொஞ்சம் தாழ்த்தியிருந்தான், கொஞ்சம் இழுத்திருந்தான். அவ்வளவுதான். அந்த 'மட்டும்' மாறவில்லை.

ஒருமுறை, வாட்ஸப்பில் தான் பேசி அனுப்பியதை அவள் தானே கேட்டுவிட்டு, "இது நான் இல்லடா" என்றாள். ஹர்ஷா விழுந்து விழுந்து சிரித்தான். "எல்லாரும் அப்படித்தாம்மா சொல்லுவாங்க. ஊருக்கே தெரியும், பேசினவங்களுக்குத்தான் தெரியாது."

அவள் ஓடவில்லை. ஓடத் தெரியவும் தெரியாது. காலடி மெல்ல விலகியது.

"போயிட்டு வரேன்."

ஹெட்போனைக் கழற்றி மகளின் காதில் மாட்டினாள். மறுபடி விளக்கு அணைந்தது. பிறகு சுப்ரஜாவின் முகம் மாறியது.

"அம்மா, இது..."

"ஆமாம்."

சுப்ரஜா கட்டிலில் உட்கார்ந்துவிட்டாள். "ஆபீஸ்ல அத்தனை பேருக்கும் தெரிஞ்சிருக்கும்மா. ஒருத்தர்கூட அவர்கிட்ட சொல்லல." போனைக் கையில் எடுத்தாள். "நாம எழுதிடலாம். யார் குரல்னு ஊருக்கே தெரியட்டும்."

"வேண்டாம்."

"ஏம்மா?"

லோகநாயகி முடியை அள்ளிச் சுருட்டிக் கொண்டை போட்டாள். நிதானமாக ஒவ்வொரு ஊசியாகச் செருகினாள்.

"அந்த ஆளோட பையன் இந்த ரிவ்யூ எல்லாம் படிப்பான் இல்ல?"

"படிப்பான்."

"அப்ப நல்லா இருக்குன்னு போடு."