சிவப்பு அட்டை

எழுபத்தோராம் வருடம். செங்கொடிக் கிளர்ச்சிக்காரர்களைத் தேடிப் பொலிஸார் பஸ் பஸ்ஸாக ஏறி இறங்கிய நாட்கள். கல்லூரியில் எழுதிக் கொடுக்க வேண்டிய ஒப்படைக்காக மர்ஸூக் பதுளை நூலகத்தில் எடுத்து வந்த புத்தகத்தைக் கண்டதும் வாப்பா அதைப் பிடுங்கி மேசைக்குக் கீழே வைத்தார்.

"செவப்பு அட்டை! இதோட பஸ்ஸில போனா தூக்கிருவானுங்க மகன்."

"தேயிலைச் செடி நோயப் பத்தின புத்தகம் வாப்பா."

"அதத் தொறந்து பார்க்க முந்தி அடி விழுந்திரும்."

கடையில் சீனி சுற்ற நிறுத்து வாங்கியிருந்த பழைய கடதாசிக் கட்டிலிருந்து ஒரு தாளை உருவி, சிங்களம் அச்சடித்த பக்கம் உள்ளே போக உறை போட்டுக் கொடுத்தார். சிங்களத்தில் அவருக்கு விலை பேச வரும்; வாசிக்க வராது.

அன்று மத்தியானம் கல்லூரிக்குத் திரும்பும் வழியில், தெமோதரையில் பஸ்ஸை மறித்தார்கள். பொலிஸ்காரர் உறையைக் கழற்றினார். சிவப்பு தெரிந்ததும் மர்ஸூக்கை ஏற இறங்கப் பார்த்தார்.

பக்கங்களைப் புரட்டியவர் இலைப் படங்களைக் கண்டு சிரித்தார்.

"நல்லா படி தம்பி."

புத்தகம் கைக்கு வந்தது. உறை வரவில்லை. அதைத் திருப்பிப் பார்த்தவரின் சிரிப்பு நின்றது.

"அரசாங்கத்தக் கவுக்கச் சொல்ற போஸ்டர்! எங்க ஒட்டப் போற?"

"ஐயோ, சீனி சுத்துற பேப்பர் சேர்!"

"இன்னும் எத்தன இருக்கு?"

காலையிலிருந்து வாப்பா பாதிப் பதுளைக்கும் அதில்தான் சீனி சுற்றிக் கொடுத்துக்கொண்டிருந்தார்.