அடுத்த காம்பரா

மறுபடியும் இருமல்.

பிரேமினி ரொட்டியைக் கல்லிலேயே விட்டுவிட்டு முன்னறைக்கு ஓடினாள். தொட்டில் சேலையை விலக்கிப் பார்த்தாள். திலக்ஷன் வாயைத் திறந்தபடி தூங்கிக்கொண்டிருந்தான்.

"இப்ப இருமினான். கேட்டுச்சா?"

"கேட்டுச்சு. வறட்டு இருமல்." அவள் புருஷன் சுமன் வாசல் படியில் உட்கார்ந்து சப்பாத்து துடைத்துக்கொண்டிருந்தான்.

லயத்து வரிசையில் அடுத்த காம்பராவில் ரேடியோ திடீரென்று உரக்கப் பாடியது.

அவள் பிள்ளையைத் தூக்கி மடியில் நிமிர்த்தி ஒரு மூடி இருமல் பாணி மருந்தைப் புகட்டினாள். அவன் கண்ணைப் பாதி திறந்து விழுங்கினான். மறுபடி தலை சாய்ந்தது. அவனைத் தொட்டிலில் விட்டாள்.

"நேத்துலேருந்து இப்புடியே மயங்கிக் கெடக்குறான். பாலும் ஒழுங்காக் குடிக்கல."

"நெஞ்சு சுத்தமாயிருச்சு, இனி மருந்து வேணாம்னு டாக்டர் சொன்னாருல்ல?"

"அவரு கொழாய வச்சு எடுக்குறதுக்குள்ள அடுத்த ஆளக் கூப்புட்டாரு. சுத்தமான நெஞ்சு இப்புடி இருமுமா?"

சுமன் அடுத்த கால் சப்பாத்தை எடுத்துத் துடைத்தான்.

"டாக்டருக்குத் தெரியாத சீக்கும் இருக்கு." அவள் குரலைத் தாழ்த்தி நடுச்சுவரைத் தாடையால் காட்டினாள். சுவருக்கும் தகரக் கூரைக்கும் இடையில் இருந்த சந்து வழியாகப் பூண்டு வதங்கும் வாசனை வந்துகொண்டிருந்தது. "அவ வந்த பெறகுதான் எல்லாம்."

அவள் என்றது தனுஷிகாவை. அடுத்த காம்பரா சோலைமலையின் மகள். கொழும்பில் ஒரு வீட்டில் வேலைக்கு நின்றவள், போன கிழமை ஒருநாள் விடிவதற்கு முன் வந்து இறங்கினாள். மகளுக்கு அம்மை போட்டிருக்கிறது என்று சொல்லி சோலைமலை கதவில் வேப்பிலை சொருகினார். அதன் பிறகு யாரும் அந்த வாசலை மிதிக்கவில்லை.

"அம்ம போட்ட வீட்டுல பூண்டு வதக்குவாங்களா? நேத்து அரைக்கதவுல நின்னா. மூஞ்சில ஒரு கொப்புளம் இல்ல. 'தம்பிக்கு மருந்து எத்தன மூடி குடுக்குறீங்கக்கா'ன்னு கேக்குறா. அவளுக்கு எதுக்கு?"

"சும்மா கேட்டிருப்பா."

"கம்பியில காஞ்ச இவன் மஞ்சச் சட்டையும் சும்மா போயிருச்சா? விடியக்காலையில பீலிக்குத் தண்ணி எடுக்கப் போறப்ப அவதான் அந்தப் பக்கம் வந்தா. மூக்கன் மாமா பாத்திருக்காரு."

"மூக்கன் மாமா எதத்தான் பாக்கல? அவரு வாயில விழுந்தா தோட்டத்துக்கே பெரட்டுல ஆளுங்களக் கூட்டி வச்சுச் சொன்ன மாதிரி." சிரிக்கப் பார்த்தான். முடியவில்லை. "உடுத்துன துணி இருந்தாத்தான் செய்வினை பலிக்கும்பாங்க."

இருமல் மறுபடி வந்தது.

பிரேமினி எழுந்தாள். பிள்ளையைத் தொட்டிலிலிருந்து எடுத்துத் துவாயில் சுற்றித் தோளில் போட்டுக்கொண்டாள்.

"அம்ம வீட்டுக்கா புள்ளையத் தூக்கிட்டுப் போற?"

"பூண்டு திங்கிற அம்மய இன்னைக்குப் பாத்துட்டு வர்றேன்."

கதவில் வேப்பிலை காய்ந்து தொங்கியது. தட்டினாள். உள்ளே ரேடியோ இன்னும் உரத்தது. மறுபடி தட்டியபோது கதவு ஒரு சாண் திறந்தது. தனுஷிகாவின் கண்கள் குழிவிழுந்திருந்தன.

"அக்கா, கிட்ட வராதீங்க."

"எம் புள்ள சட்ட எங்கடி?"

"குடுத்துருறேன்க்கா. சத்தம் போடாதீங்க."

"போடுவேன். லயமே வரட்டும். யாருகிட்ட மந்திரிக்கக் குடுத்த? எம் புள்ள நெஞ்சுல என்னத்த எறக்குன?"

ரேடியோவில் பாட்டு முடிந்தது. அடுத்தது தொடங்குவதற்கு முன் அந்த இருமல் வந்தது. விடாமல், மூச்சை இழுத்து இழுத்து.

பிரேமினியின் கை தானாகத் தோளில் கிடந்த பிள்ளையின் முதுகைத் தட்டியது. இரண்டு தட்டு. அப்புறம் நின்றது.

திலக்ஷன் தூங்கிக்கொண்டிருந்தான். அவன் மூச்சு அவள் கழுத்தில் ஒரே சீராகப் பட்டது. இருமல் மட்டும் நிற்கவில்லை.

அவள் தனுஷிகாவின் தோளுக்கு மேலே உள்ளே பார்த்தாள். கட்டிலில், கம்பளி மடிப்புகளுக்கு நடுவே, அந்த மஞ்சள் சட்டை வேகமாக ஏறி இறங்கிக்கொண்டிருந்தது. கைகள் சட்டைக்கு வெளியே வரவில்லை. அவ்வளவு சிறியவை.

தனுஷிகா இரண்டு கைகளையும் கூப்பினாள். "தெரிஞ்சா அப்பா உசுரோட இருக்கமாட்டாருக்கா."

லயத்தில் கதவுகள் திறக்கும் சத்தம் கேட்டது. மூன்றாவது காம்பரா வாசலில் மூக்கன் தலைப்பாகையைச் சரிசெய்தபடி எட்டிப் பார்த்தார்.

"என்னம்மா பிரேமினி? சோலைமலை வீட்டுக்குள்ள ஏதோ புள்ள இருமுற மாதிரி கேக்குதே?"

பிரேமினி அவர் பக்கம் திரும்பவில்லை. "போர்வைய எடு, ஆஸ்பத்திரிக்குப் போறோம்," என்று தனுஷிகாவிடம் மெல்லச் சொல்லிவிட்டு உள்ளே கால் வைத்தாள். கதவைச் சாத்துவதற்கு முன் உரக்கப் பதில் சொன்னாள்.

"வேற யாரு மாமா, எம் புள்ளதான்."